வாக்குச்சீட்டு வராத வீட்டின் தரவு

2018 நவம்பர் 25ஆம் திகதி சுவிற்சர்லாந்து மக்கள் ஒரு சட்டத்துக்கு 64.7 வீதம் ‘ஆம்’ போட்டார்கள். காப்புறுதிப் பணம் வாங்குபவர் உண்மையிலேயே இயலாதவரா, நடிக்கிறாரா என்று பார்க்கத் துப்பறிவாளரை அனுப்பலாம், கமராவில் பிடிக்கலாம் என்ற சட்டம் அது. இரண்டேகால் வருடம் கழித்து, 2021 மார்ச் 7ஆம் திகதி, அதே மக்கள் இன்னொரு சட்டத்துக்கு 64.4 வீதம் ‘இல்லை’ போட்டார்கள். அது மின் அடையாளச் சட்டம். அரசு சரிபார்க்கும், ஆனால் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் பங்கு வைத்திருந்த தனியார் கூட்டு போன்றவர்கள் அடையாளத்தை வழங்குவார்கள் என்பது ஏற்பாடு. எங்கள் தரவு தனியார் கையில் போகக்கூடாது என்று மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் மறித்துவிட்டார்கள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும். தனியுரிமை பற்றி இந்த நாட்டுக்கு இரண்டு மனம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் வாக்காளன் தன்னை எந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தான் என்று கேட்டால் குழப்பம் தெளிகிறது. 2021இல் எல்லாருக்கும் அடையாள அட்டை உண்டு, ஆகவே எல்லாருக்கும் பயம். 2018இல் துப்பறிவாளர் பின்தொடரப்போவது வேறு யாரையோ. தொழில்நுட்பமும் நீதியும் என்ற பெரிய கேள்விக்கு உலகத்திலேயே அதிகமாக வாக்களித்துப் பதில் சொல்லும் நாடு இதுதான். அந்தப் பதில்களை வரிசையாகப் படித்தால், கண்காணிப்பு எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பதை அல்கோரிதத்தின் தரம் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை. யார் கைக்கு வாக்குச்சீட்டு வருகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லவருவது இவ்வளவுதான்.

துப்பறிவாளர் சட்டத்தின் கதை ஸ்ட்ராஸ்பூர்க்கில் தொடங்கியது. 1995இல் மோட்டார் சைக்கிள் மோதிக் காயப்பட்ட ஒரு பெண்ணை, பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு காப்புறுதி நிறுவனம் ஆள்வைத்துப் பின்தொடர்ந்து பதிவுசெய்தது. அப்படிச் செய்யத் தெளிவான சட்டம் எதுவும் சுவிசில் இல்லை என்றும், அவருடைய தனிவாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்றும் அங்குள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016 அக்டோபர் 18ஆம் திகதி தீர்ப்பளித்தது. வுகோட்டா-போஜிச் வழக்கு என்று சட்டக்காரர்கள் இதைச் சொல்வார்கள். சட்டம் இல்லை என்பதுதானே குறை, சட்டத்தைப் போட்டுவிடுவோம் என்று நாடாளுமன்றம் அவசர அவசரமாக ஒன்றைச் செய்தது. எழுத்தாளர் சிபில்லே பேர்க் முதலிய சிலர் சேர்ந்து, 100 நாளுக்குள் தேவையான 50,000 கையெழுத்துகளையும் அதற்கு மேலும் திரட்டி, அதை மக்கள் முன் கொண்டுவந்தார்கள். தோற்றார்கள்.

சட்டத்தின் உள்ளே போய்ப் பார்த்தால், ஆறு மாதத்துக்குள் 30 நாள்வரை கண்காணிக்கலாம். அனுமதி கொடுப்பவர் நீதிபதி அல்ல. அந்தக் காப்புறுதி அமைப்பின் மேலதிகாரியே போதும். காரில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்துவதானால் மட்டும் நீதிமன்றம் போகவேண்டும். பொது இடத்தில் நின்று பார்க்கக்கூடிய இடம் எதுவும் பார்க்கப்படலாம் என்பதால், வீட்டுப் பல்கனி இதில் அடங்குமா என்று அந்தப் பிரசார மாதங்களில் பெரிய சண்டை நடந்தது. எல்லாம் முடிந்தபின் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதி இருப்பது ஒரு ஆறுதல்.

மோசடி செய்பவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இயலாமைக் காப்புறுதிக்குக் காசு கட்டுபவர்களில் விடியற்காலை நான்கு மணிக்கு அலுவலகம் துடைக்கப்போகும் தமிழ்ப் பெண்ணும் இருக்கிறாள்; ஏமாற்றுபவன் அவளிடமிருந்தும்தான் எடுக்கிறான். ஆனால் இதே நாட்டில், உள்ளூர்வாசி ஒருவரின் வங்கிக் கணக்கை வரி அதிகாரி தானாக எட்டிப் பார்க்க முடியாது. 1934இன் வங்கிச் சட்டம் போட்ட இரகசியக் கதவு, வெளிநாட்டில் வசிப்பவர்களின் கணக்குகளுக்கு 2017 முதல் தகவல் பரிமாற்றத்தால் திறந்துவிட்டது. உள்ளூர்க்காரருக்கு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. கள்ள ஆவணம் எதுவும் கொடுக்காமல் வருமானத்தை மட்டும் மறைப்பது இங்கே சிறைக்குரிய குற்றம் ஆகாது; அபராதத்தோடு போகும். முதுகுவலிக்காரர் கடையில் தண்ணீர்ப் பெட்டி தூக்குவதைப் படம் பிடிக்கலாம், பணக்காரரின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கக்கூடாது. இரண்டும் பொதுப் பணத்தை ஏமாற்றுவதுதான் என்று 2018இல் எதிர்த்தவர்கள் சொன்னபோது யாரும் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. வாக்கு மட்டும் வேறு பக்கம் விழுந்தது.

சுவிஸ் மக்களுக்குக் கண்காணிப்பு பற்றித் தெரியாது என்று சொல்லமுடியாது. அவர்கள் ஒருமுறை நன்றாகச் சூடு பட்டவர்கள். 1989 நவம்பரில், மோரிட்ஸ் லொயன்பெர்கர் தலைமையிலான நாடாளுமன்ற விசாரணைக் குழு, மத்தியப் பொலிசின் அலமாரிகளில் ஏறத்தாழ 9,00,000 அட்டைகள் இருப்பதை வெளியே கொண்டுவந்தது. அன்று நாட்டின் சனத்தொகையே 70 இலட்சத்தை எட்டவில்லை. கணினியில் இருந்த தரவல்ல. தட்டச்சு செய்த காகித அட்டை, திகதி, ஒரு வரிக் குறிப்பு. யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார், யார் கிழக்கு ஐரோப்பாவுக்குப் பயணம் போனார், யாருக்கு யார் தொலைபேசி எடுத்தார். ஒரு பெண் அரசியல்வாதியின் அட்டையில் அவர் மாலையில் பியர் குடிக்க விரும்புபவர் என்றுகூட எழுதி வைத்திருந்தார்கள். 1990 மார்ச் 3ஆம் திகதி பேர்ண் நகரில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அட்டையைக் காட்டச் சொல்லி எழுதினார்கள். வந்தது, பெயர்கள் கருப்பு மையால் அழிக்கப்பட்ட நகல். எழுத்தாளர் மக்ஸ் ஃப்ரிஷ் தன் கடைசிக் காலத்தில் தனக்கு வந்த நகலை வெட்டி ஒட்டி, ஒவ்வொரு குறிப்பிலும் உள்ள பிழையை எழுதிவைத்தார். அவர் 1991இல் இறந்தார்; அது 2015இல்தான் நூலாக வந்தது. அரசுத் தரவின் மேல், அந்தத் தரவுக்கு உரியவரே பிழைதிருத்தம் போட்டது அபூர்வமான காரியம். இன்றைக்கு அல்கோரிதத்தை ‘விளக்கமாகச் சொல்லச் செய்வது’ என்று மாநாடுகளில் பேசப்படுவதெல்லாம் அந்தக் கிழவர் கத்தரிக்கோலோடு செய்த வேலைதான்.

1992இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சூட்டில் பிறந்தது. ஆனால் அந்த விவகாரத்தில் ஒரு எண் பலருக்கு மறந்துபோனது. அலமாரிகளில் இருந்த அட்டைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டவர்களைப் பற்றியவை. நாடு கொதித்தது எஞ்சிய பங்குக்காக. பக்கத்து வீட்டு ஆசிரியரையும் தங்கள் எழுத்தாளரையும் அரசு வேவு பார்த்தது என்றபோது அவமானமாக இருந்தது. இத்தாலியத் தொழிலாளியை வேவு பார்த்தது நிர்வாகமாகத் தெரிந்தது. உளவுப் பொலிசையே ஒழிக்கவேண்டும் என்ற முன்மொழிவு 1998இல் வாக்குக்கு வந்தபோது நான்கில் மூன்று பங்கு ‘இல்லை’. 2016இல், நாட்டைக் கடந்துபோகும் இணையக் கம்பிகளையே துழாவ அனுமதிக்கும் புலனாய்வுச் சட்டத்துக்கு 65.5 வீதம் ‘ஆம்’. சூடு ஆறிவிட்டது.

இடையில் ஒன்று. சுவிசின் நடுநிலைமை எத்தனை நாட்டை நம்பவைத்தது என்பதற்கு சுக் மாநிலத்தின் கிரிப்டோ நிறுவனமே சாட்சி. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இரகசியத் தொடர்புக் கருவிகளை விற்ற அந்த நிறுவனத்தை 1970 முதல் அமெரிக்க, மேற்கு ஜேர்மன் உளவு அமைப்புகள் இரகசியமாகச் சொந்தமாக்கி வைத்திருந்தன என்பது 2020 பெப்ரவரியில் வெளிவந்தது. வாடிக்கையாளர்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் உண்டு. சுவிஸ் புலனாய்வுக்கு 1993 முதலே இது தெரியும் என்று நாடாளுமன்றக் குழு பிறகு சொன்னது. மற்றவர்களின் இரகசியம் என்றால் நடுநிலை நாட்டுக்கும் தூக்கம் வரும்.

இனி வாக்குச்சீட்டுக்கு வருவோம். வருடத்தில் நான்கு முறை, வாக்கெடுப்புக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போது, கடித உறை தபால்பெட்டிக்கு வரும். உள்ளே சீட்டுகள், கையெழுத்து வைக்கும் அட்டை, சிவப்பு அட்டை போட்ட விளக்கப் புத்தகம். பல தமிழ் வீடுகளில் இந்த உறை மகளுக்கோ மகனுக்கோ மட்டும் வரும். தகப்பன் முப்பது வருடமாக உணவகச் சமையலறையில் நின்று வரி கட்டியவர். கையில் சி விசா, அதாவது நிரந்தர வதிவிட அனுமதி. இரண்டாம் தலைமுறைப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து, “அப்பா, இது சோசியல்காரரைக் கமராவில் பிடிக்கிற சட்டம், நான் என்ன போட?” என்று கேட்கும். அப்பா, “உனக்குச் சரியெண்டு படுறதைப் போடு பிள்ளை” என்பார். பிறகு கொஞ்சம் பொறுத்து, “களவு செய்யிறவனைப் பிடிக்கத்தானே வேணும்” என்றும் சொல்வார்.

நாட்டில் வாழ்பவர்களில் ஏறத்தாழ 27 வீதம் பேர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்கள். மத்திய வாக்கெடுப்பில் அவர்களுக்கு இடமில்லை. இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் ஐம்பதாயிரம் அளவில் இருப்பார்கள். நிறையப் பேர் குடியுரிமை எடுத்துவிட்டார்கள், எடுக்காதவர்களும் எடுக்கமுடியாதவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வருடத்தில் சமூக உதவி வாங்கியிருந்தால், வாங்கியதைத் திருப்பிக் கட்டாதவரை, குடியுரிமைக் கதவு பொதுவாகத் திறக்காது. 2019 முதல், சமூக உதவியில் தங்கிவிட்டவரின் சி விசாவை பி விசாவாக இறக்கவும் முடியும். இப்படி ஒரு அலுவலகத்தின் கோப்பு இன்னொரு அலுவலகத்தின் தீர்ப்பாகிறது. சுவிஸ்காரருக்கு உதவிப் பணம் என்பது உதவிப் பணம் மட்டும். வெளிநாட்டவருக்கு அது வதிவிட உரிமைமேல் விழும் ஒரு குறிப்பு.

வாக்குரிமை உள்ளவர்களே நீதி வழங்கட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை லுட்சேர்ன் அருகிலுள்ள எம்மென் ஊர் 2000ஆம் ஆண்டில் காட்டியது. அங்கே குடியுரிமை விண்ணப்பங்களை ஊர்மக்களே வாக்குப்பெட்டியில் தீர்மானித்தார்கள். விண்ணப்பித்தவர்களின் விவரம் அச்சிட்ட கையேடு வீடுவீடாகப் போனது. இத்தாலியர்களுக்கு ‘ஆம்’ விழுந்தது. முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களுக்கு ‘இல்லை’. 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த முறையே அரசியலமைப்புக்கு விரோதம் என்றது: ஒருவரை மறுத்தால் காரணம் சொல்லவேண்டும், வாக்குப்பெட்டிக்குக் காரணம் சொல்லத் தெரியாது. இந்தத் தீர்ப்பு அல்கோரிதங்களின் காலத்துக்காக எழுதியது போலவே இருக்கிறது. பெண்களுக்கு மத்திய வாக்குரிமை 1971இல்தான் வந்த நாடு இது. அப்பன்செல் இன்னர்ரோடன் ஆண்கள் 1990 ஏப்ரலிலும் கையை உயர்த்தி மறுத்து, அந்த வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் அங்கே பெண்கள் வாக்களித்தார்கள். பெரும்பான்மை கொடுக்காததை நீதிமன்றம் கொடுத்த வரலாறு இங்கே நீளமானது.

புகலிட அலுவலகத்துக்குள் போனால் தொழில்நுட்பத்தின் முகம் மாறும். அங்கே முதல் கருவி கணினி அல்ல, வாக்குமூலப் பதிவு. தமிழர்கள் எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை: கேள்வி டொச்சில் (ஜேர்மன் மொழியில்), மொழிபெயர்ப்பாளர் வாயால் தமிழில், பதில் திரும்ப டொச்சில் தட்டச்சாகும். கடைசியில் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். களைத்துப்போன ஒரு மனிதன் அந்த நேரத்தில் ‘பங்குனி’ என்று சொன்னது ‘ஏப்ரல்’ என்று விழுந்ததைக் கவனிப்பானா? அடுத்த விசாரணையில் அவன் மார்ச் என்றால் முரண்பாடு. கதை நம்பத்தகாதது என்ற முடிவுக்கு முரண்பாடுகளே படிக்கட்டு.

இரண்டாவது கருவி குரல். 1990களின் பிற்பகுதியிலிருந்து ‘லிங்குவா’ என்ற பிரிவு, விண்ணப்பதாரரின் பேச்சைக் கேட்டு அவர் எந்தப் பிரதேசத்தில் வளர்ந்தவர் என்று கணிக்கிறது. திபெத்திலிருந்து வந்தேன் என்பவர் உண்மையில் இந்தியாவிலோ நேபாளத்திலோ வளர்ந்தவரா என்று பார்ப்பதில் இது பெயர்பெற்றது. மட்டக்களப்புத் தமிழையும் வல்வெட்டித்துறைத் தமிழையும் காது பிரித்தறியும் என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவில் குறை இல்லை. குறை எங்கே என்றால், கேட்ட நிபுணரின் பெயர் மறைக்கப்படும். அறிக்கையின் சாரம் மட்டும் விண்ணப்பதாரருக்குச் சொல்லப்படும். இதை வாக்களிப்பு மென்பொருளோடு ஒப்பிடவேண்டும். 2019இல் தபால் துறையின் இணைய வாக்களிப்பு முறையின் மூலநிரல் வெளியிடப்பட்டது. சேரா ஜேமி லூயிஸ், ஒலிவியே பெரேரா, வனெசா டீக் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதைப் படித்து, வாக்குகளை யாருக்கும் தெரியாமல் மாற்ற வழிவிடும் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். முறை நிறுத்தப்பட்டது, திருத்திய பிறகு 2023 ஜூனில்தான் சில மாநிலங்களில் மறுபடி வந்தது. வாக்காளனின் சீட்டை எண்ணும் இயந்திரத்தை உலகமே பிரித்துப் பார்க்கலாம். வாக்கில்லாதவனின் நாவை எடைபோடும் நிபுணரை அவனுடைய சட்டத்தரணிகூடப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கமுடியாது.

மூன்றாவது கருவிதான் அல்கோரிதம் என்ற பெயருக்கு உண்மையில் உரியது. 26 மாநிலங்களுக்கும் புகலிடம் கேட்டவர்களைச் சனத்தொகை விகிதப்படி பிரித்து அனுப்புவது வழக்கம். யார் எங்கே என்பது பெரும்பாலும் சீட்டு விழுந்த மாதிரி. 2018 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வொன்றில், சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் ஸ்டான்போர்டையும் சேர்ந்தவர்கள், பழைய தரவை வைத்து எந்த மனிதருக்கு எந்த மாநிலத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று கணித்துப் பிரித்தால் வேலை பெறுவோர் தொகை 70 வீதத்துக்கும் மேலாக உயரக்கூடும் என்று காட்டினார்கள். அதே ஆண்டில் குடிபெயர்வு அலுவலகம் சோதனைத் திட்டம் தொடங்கியது. இதை நான் வெறுக்கமாட்டேன். நல்ல நோக்கம், பழைய முறையைவிட மோசமாகப் போக இடமும் குறைவு. பிரெஞ்சு பேசத் தெரிந்தவரை டொச் மாநிலத்துக்கு அனுப்பி ஐந்து வருடத்தை வீணாக்கிய பழைய நிர்வாகத்தை யார் நியாயப்படுத்த முடியும்? ஆனால் மாநில ஒதுக்கீட்டை எதிர்த்து முறையிட சட்டத்தில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு: குடும்பம் பிரிகிறது என்பது. ‘இயந்திரம் என்னைத் தவறாகக் கணித்தது’ என்று முறையிட வழியில்லை. அண்ணன் சூரிச்சில் இருக்கிறார், ஆனால் வயதுவந்த அண்ணன் அந்தச் சட்டத்தில் பொதுவாகக் குடும்பத்துக்குள் வரமாட்டார். தமிழரின் வேலை வாய்ப்பு என்பது எண்பதுகளிலிருந்தே அந்த அண்ணன் வேலைசெய்த சமையலறை வழியாக வந்தது. அது பழைய தரவில் எந்தக் கட்டத்தில் ஏறும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான்காவது கருவி கைத்தொலைபேசி. சுவிஸ் மக்கள் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் கிரேகோர் ருட்ஸ் 2017இல் தொடங்கிய முன்மொழிவு 2021 அக்டோபர் 1ஆம் திகதி சட்டமாகி, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அடையாளம், நாடு, வந்த வழி ஆகியவற்றை வேறு விதத்தில் உறுதிப்படுத்த முடியாவிட்டால், விண்ணப்பதாரரின் தொலைபேசியை அதிகாரிகள் ஆராயலாம். பலாத்காரமாகப் பறிக்கமுடியாது, கொடுக்க மறுத்தால் ஒத்துழைக்கவில்லை என்று கோப்பில் ஏறும். குற்றவழக்கில் சந்தேகநபர் தன் தொலைபேசிக்கு முத்திரை வைக்கச் சொல்லி, நீதிபதி திறக்கச் சொல்லும்வரை பூட்டி வைக்கமுடியும். குற்றமே செய்யாமல் அடைக்கலம் கேட்டவருக்கு அந்தப் பூட்டு இல்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்து மக்கள் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. 2018இல் எழுந்த கையெழுத்துப் படை இதற்கு எழவில்லை.

ஒரு ஈழத்து இளைஞனின் தொலைபேசியில் என்ன இருக்கும்? அம்மாவின் குரல் செய்திகள், கோயில் தேர்க் காணொளி, பயண முகவரின் இலக்கம், மாவீரர் நாளான நவம்பர் 27ஆம் திகதி ஏற்றிய விளக்கின் படம், சீருடையில் இறந்துபோன மச்சானின் படம். அந்தக் கடைசிப் படம் அவனுக்கு ஆபத்து இருக்கிறது என்பதற்கும் சாட்சியாகலாம், அவன் எங்கோ உறுப்பினனாக இருந்தான் என்பதற்கும் சாட்சியாகலாம். எந்தப் பக்கம் சாயும் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. ஊரில் இருப்பவர்களின் இலக்கங்களும் அதே கருவியில்தான். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

கோப்பில் பிழை விட்டால் என்ன விலை என்பது தமிழருக்குத் தெரிந்த கணக்கு. 2013இல் சுவிஸ் திருப்பி அனுப்பிய இரண்டு தமிழர்கள் கொழும்பில் இறங்கியதும் கைதானார்கள். செப்ரெம்பரில் சுவிஸ் திருப்பி அனுப்புவதை இடைநிறுத்தியது. சட்டப் பேராசிரியர் வால்ட்டர் கேலின் முதலியோர் கோப்புகளை மறுபடி ஆராய்ந்து, விசாரணையில் குறைகள் இருந்ததைக் காட்டினார்கள். ஒருவர் ஸ்ட்ராஸ்பூர்க் போனார். 2017 ஜனவரி 26ஆம் திகதி, சித்திரவதைக்கு எதிரான மூன்றாம் பிரிவைச் சுவிற்சர்லாந்து மீறியது என்று தீர்ப்பு வந்தது. அவரை ‘எக்ஸ்’ என்ற எழுத்தால் மட்டும் நீதிமன்றம் குறிப்பிட்டது. அல்கோரிதம் ஒன்றும் அங்கே வேலை செய்யவில்லை; மனிதர்கள் கோப்பைச் சரியாகப் படிக்காததுதான் நடந்தது. இயந்திரம் வந்தால் கவனம் கூடும் என்று நம்புபவர்களிடம் நான் கேட்பது: கோப்பைப் படிக்க நேரமில்லாத அதிகாரிக்கு, இயந்திரம் தரும் சுருக்கத்தைச் சந்தேகிக்க நேரம் எங்கிருந்து வரும்?

1983 ஜூலையில் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடினார்கள். அரசு எடுத்த சாதாரணப் பட்டியல் ஒரே இரவில் எதுவாகும் என்று அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பிறகு கொழும்பு விடுதிகளில் பொலிஸ் பதிவு, 2007 ஜூனில் விடுதித் தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது என்று அந்த அனுபவம் தொடர்ந்தது. இவ்வளவும் பட்டவர்கள் சுவிசில் கண்காணிப்புக்கு முதல் எதிரிகளாக இருக்கவேண்டும் அல்லவா? நான் பேசிப் பார்த்தவரையில் அப்படி இல்லை. மூத்த தலைமுறைக்கு இந்த அரசில் நம்பிக்கை அதிகம். அட்டை காட்டச் சொன்னால் காட்டுவார்கள், கமரா வைத்தால் கள்வன் பயப்படுவான் என்பார்கள். ஒப்பிடும் அரசு அவர்களுக்கு வேறு. சுவிஸ் இடதுசாரி தன் அரசை ஓர் இலட்சிய அரசோடு ஒப்பிடுகிறான். நம்மவர் இலங்கை அரசோடு ஒப்பிடுகிறார். அந்த நன்றியுணர்வு எனக்குப் புரிகிறது. அது நல்ல அளவுகோலா என்பதில் எனக்கு இணக்கம் இல்லை.

சிறைப் பக்கத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டொச் பேசும் மாநிலங்களில் தண்டனை பெற்றவர்களின் கோப்புகளை, வயது, பழைய குற்றங்கள் போன்ற விவரங்களை வைத்து ஒரு கருவி ஏ, பி, சி என்று வகைப்படுத்துகிறது. சி விழுந்தால் ஆழமான ஆபத்து மதிப்பீடு. முடிவு மனிதருடையது என்று நிர்வாகம் சொல்லும். சுவிஸ் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ 70 வீதம் பேர் வெளிநாட்டவர். வாக்குரிமை இல்லாதவர்கள்மேல்தான் இங்கேயும் கருவியின் பெரும்பகுதி வேலை செய்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது; அதைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. துப்பறிவாளருக்கு ‘ஆம்’ போட்ட அதே 2018 நவம்பர் 25ஆம் திகதி, அதே உறையில் இன்னொரு சீட்டும் இருந்தது: சுவிஸ் அரசியலமைப்பை ஸ்ட்ராஸ்பூர்க் ‘அந்நிய நீதிபதிகளுக்கு’ மேலே வைக்கும் முன்மொழிவு. அதை 66.2 வீதம் பேர் நிராகரித்தார்கள். ஒரு கையால் கமராவை அனுமதித்தவர்கள், மறு கையால் அந்தக் கமராவைத் தட்டிக்கேட்கக்கூடிய நீதிமன்றத்தைக் காப்பாற்றினார்கள். எக்ஸ் போன்றவர்களுக்கு அந்த நீதிமன்றம்தான் வாக்குப்பெட்டி. 2016 பெப்ரவரியில், சிறு குற்றத்துக்கும் வெளிநாட்டவரைத் தானாக வெளியேற்றும் முன்மொழிவையும் 58.9 வீதம் பேர் தோற்கடித்தார்கள். நீதிபதி ஒவ்வொரு வழக்கையும் தனியாகப் பார்க்கவேண்டும், விதி இயந்திரம் போல ஓடக்கூடாது என்பது அன்று எதிர்த்தவர்களின் முக்கிய வாதம். சுவிஸ் வாக்காளனுக்கு இந்த வாதம் புரியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

நொய்சாட்டெல் மாநிலத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். அங்கே வெளிநாட்டவருக்கு ஊராட்சி வாக்குரிமை 1849இலேயே வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மாநில வாக்குரிமையும் உண்டு. 2024 நவம்பரில் ‘எண்ணிம நேர்மை’ என்ற உரிமையை, அதாவது ஒருவர் தரவும் அவர் உடம்பைப்போலத் தீண்டப்படாதது என்ற கருத்தை, அரசியலமைப்பில் சேர்க்க அங்கே வாக்கெடுப்பு நடந்தபோது பத்தில் ஒன்பது பேர் ‘ஆம்’ போட்டார்கள். சி விசாத் தமிழரும் அதில் வாக்களித்திருக்கலாம். ஜெனீவாவில் 2023 ஜூனில் அதே உரிமை 94 வீதத்தோடு வென்றது, ஆனால் அங்கே வெளிநாட்டவருக்கு ஊராட்சி வாக்கு மட்டும்தான். புகலிடச் சட்டம் மத்திய அரசின் கையில் இருப்பதால் இந்த அழகான உரிமைகள் எதுவும் தடுப்பறை மேசையில் கிடக்கும் தொலைபேசியைத் தொடாது.

2025 செப்ரெம்பர் 28ஆம் திகதி மின் அடையாளம் மறுபடி வாக்குக்கு வந்தது. இம்முறை அரசே வழங்கும், தரவு உரியவரின் தொலைபேசியிலேயே இருக்கும், விருப்பமானவர் மட்டும் எடுக்கலாம். 50.39 வீதத்தில் மயிரிழையில் வென்றது. அவ்வளவு திருத்திய பிறகும் பாதிப்பேர் நம்பவில்லை. நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் கைரேகையை எடுத்த ஆதாரை இந்திய நாடாளுமன்றம் 2016இல் பண மசோதாவாக நிறைவேற்றியதையும், 2018 செப்ரெம்பர் 26ஆம் திகதி உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்று அதில் பெரும்பகுதியை ஏற்றதையும் நினைத்தால், இந்த 50.39 எனக்கு ஓர் ஆடம்பரமாகவே தெரிகிறது. சந்தேகப்படுவதற்கு ஒரு நாட்டுக்கு நேரமும் உறையும் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றிய ஐரோப்பிய சபையின் உடன்படிக்கையில் சுவிற்சர்லாந்து 2025 மார்ச்சில் கையெழுத்திட்டது. அதற்கேற்ற சட்ட வரைவு வரவேண்டும். வரைவு வந்ததும் கருத்துக் கேட்கும் காலம் இருக்கும். அந்தக் கட்டத்தில் கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. சங்கம், கோயில், தனிநபர் யாரும் எழுதலாம். அரசியலமைப்பின் 33ஆம் பிரிவின்படி மனுக்கொடுக்கும் உரிமையும் எல்லாருக்கும் உண்டு. 2023 செப்ரெம்பர் 1 முதல் நடப்பிலுள்ள புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ‘குடிமகன்’ என்று பேசாமல் ‘ஆள்’ என்றுதான் பேசுகிறது. அதன் 25ஆம் பிரிவின்படி என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எந்த மத்திய அலுவலகத்தையும் நிறுவனத்தையும் எவரும் கேட்கலாம். வழக்கமாகக் கட்டணம் இல்லை, 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். 1990இல் மூன்று இலட்சம் பேர் தங்கள் அட்டையைக் கேட்டு எழுதினார்கள். குடிபெயர்வு அலுவலகத்துக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் அப்படி எழுத, டொச்சில் நாலு வரியும் அடையாள அட்டையின் நகலும் போதும். அந்த நாலு வரியை எழுதத் தெரிந்த பிள்ளைகள் இப்போது அநேகமாக எல்லாத் தமிழ் வீட்டிலும் இருக்கிறார்கள்.